சென்னை மருத்துவமனையில் புது ஸ்டாஃப் நர்ஸா? முதல் 6 மாதத்துக்கான வழிகாட்டி

செய்யாறு பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒவ்வொரு டியூட்டிக்கு முன்பும் எனக்கு வயிற்றைப் பிசையும். கல்லூரியில் நல்ல மதிப்பெண்தான். ஆனாலும் மானிட்டர் கத்தினால் கை நடுங்கும். டாக்டருக்குப் போன் செய்ய வேண்டுமென்றால் சீனியர் அக்கா யாராவது பக்கத்தில் வரட்டும் என்று நிற்பேன். பயம் நாள்போக்கில் தானாகப் போய்விடும் என்று நினைத்தேன். மூன்று மாதமாகியும் போகவில்லை. அந்த மூன்று மாதமும் தெரியாததையெல்லாம் மறைத்துக்கொண்டே இருந்தேன், அதனால் ஒரு நோயாளி கஷ்டப்பட்டார். அதைக் கீழே சொல்கிறேன்.

என்னைத் தேற்றியவை இரண்டு பழக்கங்கள்: செய்ததை எண்ணி எழுதி வைப்பது, சந்தேகம் வந்தவுடன் ஆளைக் கூப்பிடுவது. இவற்றை முதல் வாரத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. சேரும் முன்பே கையில் இருக்க வேண்டியவை

கவுன்சில் பதிவு: சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு முடிந்திருக்க வேண்டும். சான்றிதழிலும் ஆதாரிலும் உங்கள் பெயர், இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒருமுறை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒரு புள்ளி மாறியிருந்தாலும் பின்னால் அலைய வேண்டிவரும். மருத்துவமனையில் ஒரிஜினல் சான்றிதழ் கேட்டால், சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தரச் சொல்லுங்கள். "எங்களிடமே இருக்கட்டும்" என்று சொன்னால் கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டில் பெரியவர்களிடம் பேசுங்கள்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி: முதல் ஊசி போட்ட பிறகு 1 மாதத்தில் ஒன்று, 6 மாதத்தில் ஒன்று, ஆக மூன்று டோஸ். மூன்றாவது டோஸ் முடிந்து 1 முதல் 2 மாதத்தில் ஆன்டி ஹெச்பிஎஸ் டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்பொருள் எவ்வளவு என்று காட்டும் பரிசோதனை) பார்க்க வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் பாதுகாப்பு உண்டு. கணக்குப் பார்த்தால் இதற்கே அரை வருடத்துக்கு மேல் ஆகும். ஆகவே கடைசி ஆண்டு படிக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு) பயிற்சி: அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் அட்டை 2 ஆண்டு செல்லும். பொம்மையில் கை வைத்து அழுத்திப் பரீட்சை கொடுக்காமல் ஆன்லைனிலேயே அட்டை தருகிறோம் என்று சொல்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். சேர்ந்த பிறகு மருத்துவமனையே இலவசமாக நடத்துமா என்று முதலில் ஹெச்.ஆர். இடம் கேளுங்கள். நான் கேட்காமல் 3,000 ரூபாய்க்கு மேல் கட்டினேன். இரண்டே மாதத்தில் அதே பயிற்சியை என் மருத்துவமனையிலேயே கொடுத்தார்கள்.

சாமான்கள்: வினாடி முள் உள்ள வாட்ச்தான் முதல் தேவை. நான் வாங்கியது 450 ரூபாய். பென் டார்ச் 150, சாதாரண ஸ்டெதாஸ்கோப் 900. விலையுயர்ந்த ஸ்டெதாஸ்கோப் முதல் ஆண்டில் வேண்டவே வேண்டாம். பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெருவில் சர்ஜிக்கல் கடைகள் வரிசையாக இருக்கின்றன, நாலு கடை ஏறி இறங்கி வாங்கலாம். காசைச் செருப்பில் போடுங்கள். 12 மணி நேர நைட் டியூட்டியில் வலிக்காத செருப்பின் அருமை தெரியும்.

தங்குமிடம்: ஈவ்னிங் டியூட்டி 8.30-க்கு முடிகிறது என்று காகிதத்தில் இருக்கும். நிஜத்தில் 9.30 ஆகும். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ரூம் எடுத்துவிட்டு, மின்சார ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் ஹேண்ட் ஓவரை (அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளை ஒப்படைப்பதை) அள்ளித் தெளித்துவிட்டு ஓடும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். வாடகை 1,500 கூடினாலும் ஒரே பஸ்ஸில் போய்ச் சேரும் தூரத்தில் ஹாஸ்டல் பாருங்கள்.

2. முதல் 2 வாரம்: வார்டை மனப்பாடம் செய்யுங்கள்

டியூட்டிக்கு 15 நிமிடம் முன்னதாகப் போய் வார்டைச் சுற்றி வாருங்கள். கிராஷ் கார்ட் (அவசர மருந்து வண்டி) எங்கே, ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) எங்கே, ஈ.சி.ஜி. மெஷின் எந்த அறையில் சார்ஜில் நிற்கிறது, சக்‌ஷன் எந்த பெட்டில் வேலை செய்யவில்லை, நார்கோட்டிக் அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது, கோட் ப்ளூ (இதயம் நின்றவருக்கான அவசர அழைப்பு) நம்பர் என்ன, ரத்த வங்கி எக்ஸ்டென்ஷன் என்ன. ஒரு தாளில் வார்டின் படம் போட்டு இதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் அவசரத்தில் "அந்த அட்ரினலின் எடுத்துட்டு வாம்மா" என்று கத்தும்போது எந்த டிராயர் என்று தெரிந்து கை நேராகப் போனால், வார்டு உங்களைப் பார்க்கும் பார்வையே அன்றைக்கு மாறிவிடும்.

3. எண்ணி எழுதும் நோட்டு

40 ரூபாய்க்குப் பாக்கெட் நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு செய்முறைக்கு ஒரு பக்கம்: வென்ஃப்ளான் (நரம்பில் போடும் ஐ.வி. ஊசிக் குழாய்), கதீட்டர் (சிறுநீர்க் குழாய்), ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்), ஏ.பி.ஜி. (தமனி ரத்த வாயுப் பரிசோதனை), ரத்தம் ஏற்றுவது, டிரெக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு வைத்த மூச்சுக் குழாய்) சக்‌ஷன், டிரெஸ்ஸிங். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம்: பார்த்தது, அக்கா கூட நின்று செய்தது, தனியாகச் செய்தது. தேதி போட்டு ஒரு கோடு. தவறிப் போனதற்கும் கோடு போடுங்கள், ஏன் தவறியது என்று ஒரு வரி எழுதுங்கள்.

எனக்கு வென்ஃப்ளான் 20 முறைக்கு மேல் போட்ட பிறகுதான் கை படிந்தது. அதுவரை "எனக்கு வெயினே கிடைக்காது, நான் ராசியில்லாதவள்" என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டைப் புரட்டியபோது உண்மை தெரிந்தது: தவறியவற்றில் பாதி வயதானவர்கள். தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்காமல் குத்தியிருக்கிறேன், நரம்பு நழுவியிருக்கிறது. அதைத் திருத்திய பிறகு இரண்டே வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது.

வென்ஃப்ளான் பற்றி இன்னும் கொஞ்சம். நிறத்தை மனதில் பதியுங்கள்: பச்சை 18 கேஜ், பிங்க் 20, நீலம் 22, மஞ்சள் 24; எண் கூடக் கூடக் குழாய் மெல்லியது. சுலபமாக இருக்கிறதே என்று எல்லோருக்கும் நீலத்தைப் போட்டுவிட்டு வந்தால், கான்ட்ராஸ்ட் சி.டி.க்குப் போகும்போது அவர்களை மறுபடி குத்த வேண்டிவரும். டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இருக்கும் கையைத் தொடவே கூடாது. மார்பக அறுவை நடந்த பக்கக் கையையும் தவிர்க்க வேண்டும். இரண்டு முறை முயன்றும் கிடைக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு இன்னொருவரைக் கூப்பிடுங்கள். மூன்றாவது முறை குத்துவது நோயாளிக்கு நாம் செய்யும் கொடுமை.

ஒரு எச்சரிக்கை: நோட்டில் நோயாளியின் பெயர், ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்) எழுதாதீர்கள். கேஸ் ஷீட்டைப் போனில் படம் எடுக்காதீர்கள், படிப்பதற்காக என்றாலும் வேண்டாம். வேலையே போகும்.

4. மூச்சை எண்ணுங்கள்

இரண்டாவது மாதம், நைட் டியூட்டி. நிமோனியாவுக்கு சேர்ந்திருந்த 60 வயது ஐயா ஒருவர். சார்ட்டில் மூச்சு எண்ணிக்கை 20, 20, 20 என்று வரிசையாக இருந்தது. 2 மணி ரவுண்டில் நானும் 20 என்று எழுதினேன். எண்ணவில்லை. சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 94 காட்டியது, நிம்மதியாக அடுத்த பெட்டுக்குப் போனேன். முந்தைய ஷிஃப்டில் 2 லிட்டரில் இருந்த ஆக்சிஜன் இப்போது 6 லிட்டரில் ஓடுகிறது என்பதை நான் பார்க்கவே இல்லை. 5 மணிக்கு வந்த சீனியர் அக்கா போர்வையை விலக்கி, ஒரு நிமிடம் முழுதாக நின்று எண்ணினார். 34. அடுத்த அரை மணி நேரத்தில் ஐ.சி.யு., பிறகு வென்டிலேட்டர். பிழைத்து வீட்டுக்குப் போனார். ஆனால் அந்த 3 மணி நேரத்தை நான்தான் வீணடித்தேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. "நம்பரை எழுதாதம்மா, எண்ணு" என்று மட்டும் சொன்னார்.

நோயாளி சரியப்போகிறார் என்பதைப் பெரும்பாலும் மூச்சுதான் முதலில் காட்டும். ரத்த அழுத்தம் கடைசியில்தான் விழும். நியூஸ் ஸ்கோர் (மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குப் புள்ளி போட்டு ஆபத்தை முன்பே காட்டும் முறை) உங்கள் வார்டில் இருந்தால் அதை நன்றாகப் பழகுங்கள். மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25-ஐத் தொட்டாலோ, 8-க்கு இறங்கினாலோ அந்த ஒன்றுக்கே 3 புள்ளி. மொத்தம் 5 வந்தால் உடனே டாக்டர் வந்து பார்க்க வேண்டும், 7 வந்தால் அவசர நிலை. ஸ்கோர் சரியாக இருந்தும் "ஆள் சாயங்காலம் இருந்த மாதிரி இல்லையே" என்று மனதில் பட்டால் அதையும் நம்புங்கள். அட்டெண்டராக இருக்கும் மனைவி "இவர் ஒரு மாதிரி இருக்காரும்மா" என்று சொன்னால் கட்டாயம் போய்ப் பாருங்கள். அவருக்குத் தெரிந்த அளவு நமக்கு அவரைத் தெரியாது.

5. நோயாளி பேசும் தமிழைப் புரிந்துகொள்ளுங்கள்

கல்லூரியில் எல்லாம் ஆங்கிலத்தில் படித்தோம். நோயாளி அப்படிப் பேச மாட்டார்.

"மயக்கமா வருது" என்பதற்கு நாலு அர்த்தம் உண்டு. "கண்ணு இருட்டுதா, ரூம் சுத்துதா, தூக்கமா வருதா, விழுந்துட்டீங்களா?" என்று பிரித்துக் கேளுங்கள். சர்க்கரை நோயாளி "படபடன்னு வருது, வேர்க்குது" என்றால் முதலில் சி.பி.ஜி. (விரலில் குத்திப் பார்க்கும் ரத்தச் சர்க்கரை) பாருங்கள். 70-க்குக் கீழ் இருந்தால் உடனே டாக்டருக்குச் சொல்லி வார்டு நெறிமுறைப்படி குளுக்கோஸ். "வாயு பிடிச்சிருக்கு, நெஞ்சு கரிக்குது, ஒரு ஜெலுசில் குடுங்க" என்று கேட்டு மாரடைப்பாக முடிந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். நெஞ்சில் எந்தத் தொந்தரவு என்றாலும் 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்து டாக்டர் கண்ணில் காட்டிவிடுங்கள். "மோஷன் கறுப்பா போகுது" என்றால் இரும்புச் சத்து மாத்திரையா, உள்ளே ரத்தக் கசிவா என்று பார்க்க வேண்டும்.

கிரீம்ஸ் ரோடு பக்கத்து மருத்துவமனைகளில் வங்காளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் நிறையப் பேர் வருகிறார்கள். தெலுங்கில் வலிக்கு நொப்பி, வங்காளத்தில் பேத்தா, இந்தியில் தர்த். மொழிக்குப் பத்து வார்த்தை போதும். அதைக் கேட்டதும் அவர்கள் முகத்தில் தெரியும் நிம்மதிக்காகவாவது கற்றுக்கொள்ளுங்கள்.

6. டாக்டருக்குப் போன் செய்வது

எனக்கு மிகக் கடினமாக இருந்தது இதுதான். "இதுக்கெல்லாமா கூப்பிடுவீங்க" என்று ஒருமுறை கேட்டுவிட்டால் அடுத்த முறை கை போனுக்குப் போகாது. அதற்கு மருந்து, சொல்லப்போவதை எழுதி வைத்துக்கொண்டு பேசுவதுதான். ஐஸ்பார் முறை (யார் பேசுவது, நிலைமை, பின்னணி, மதிப்பீடு, என்ன வேண்டும் என்ற வரிசை) என்று படித்திருப்பீர்கள். நம் பேச்சில் அது இப்படி இருக்கும்:

"சார், நாலாவது மாடி மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் பேசறேன். 12-ஆம் பெட், 58 வயசு, நிமோனியா, மூணாவது நாள். அரை மணி நேரமா ரொம்ப மூச்சு வாங்குது. ரெஸ்பிரேஷன் 32, ஆக்சிஜன் 6 லிட்டர்ல சாச்சுரேஷன் 89, பல்ஸ் 124, பிபி 100/60. கொஞ்சம் குழப்பமா பேசறாரு. மோசமாயிட்டு வர்றாருன்னு நினைக்கிறேன். நீங்க இப்பவே வந்து பார்க்கணும் சார். நீங்க வர்றதுக்குள்ள ஏ.பி.ஜி.க்கு எல்லாம் எடுத்து வைக்கட்டுமா?"

கடைசி இரண்டு வரிதான் உயிர். "சார், 12-ஆம் பெட் பேஷன்ட்டுக்கு மூச்சு வாங்குது" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், "பார்க்கறேன்" என்ற பதிலோடு போன் வைக்கப்படும். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

போன் செய்த நேரம், பேசிய டாக்டர், அவர் சொன்னது, மூன்றையும் நர்சஸ் நோட்ஸில் அப்போதே எழுதுங்கள். 10 நிமிடத்தில் வரவில்லை என்றால் மறுபடி போன். அப்போதும் இல்லையென்றால் இன்சார்ஜ் சிஸ்டர், நைட் சூப்பர்வைசர், ஐ.சி.யு. டீம் என்று மேலே போங்கள். இதில் யாரும் உங்களைக் கோள் சொல்கிறவள் என்று நினைக்க மாட்டார்கள்.

போனில் மருந்து சொன்னால் எழுதி, திருப்பிப் படித்துக் காட்டுங்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்றாகத்தான் கேட்கும். "ஒன் ஃபைவ் தானே சார்?" என்று இலக்கம் இலக்கமாகக் கேளுங்கள். அவசரம் இல்லாத மருந்துக்கு ஆர்டரைப் போன் வழியாக வாங்காதீர்கள்.

7. மருந்தில் நான்கு பொறிகள்

இன்சுலின்: நம் ஊரில் 40 யூனிட் வயலும் 100 யூனிட் வயலும் புழங்குகின்றன. சிகப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் 100-க்கு. 100 யூனிட் இன்சுலினைச் சிகப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். வயலைப் படித்து, மூடியைப் பார்த்து, இன்னொருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

ஹெப்பாரின்: 5 மில்லி வயல் ஒன்றில் மில்லிக்கு 1,000 யூனிட், இன்னொன்றில் 5,000. பார்க்க அக்கா தங்கை மாதிரி இருக்கும்.

பொட்டாசியம் குளோரைடு: 15 சதவீத ஆம்பூல் 10 மில்லியில் 20 மில்லி ஈக்விவலென்ட் (mEq) பொட்டாசியம் இருக்கிறது. நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். எந்த நிலையிலும், யார் சொன்னாலும் புஷ் கொடுக்காதீர்கள். பாட்டிலில் சேர்த்ததும் நன்றாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். தொங்குகிற பாட்டிலில் செலுத்திவிட்டு அப்படியே விட்டால் மருந்து அடியில் தங்கி, முதலில் அதுவே மொத்தமாக இறங்கும்.

ட்ரிப்ஸ் கணக்கு: மில்லியை சொட்டு எண்ணால் பெருக்கி, நிமிடத்தால் வகுக்க வேண்டும். 500 மில்லியை 4 மணி நேரத்தில் ஏற்ற, 20 சொட்டு செட்டில் 500 × 20 ÷ 240, அதாவது நிமிடத்துக்கு சுமார் 42 சொட்டு. மைக்ரோ செட் என்றால் மில்லிக்கு 60 சொட்டு, கணக்கு மாறிவிடும். செட்டின் உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

சீனியரிடம் சரிபார்க்கக் கொடுக்கும்போது விடையைச் சொல்லிக் காட்டாதீர்கள். ஆர்டரைக் காட்டி அவரையே தனியாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். "42 தானே அக்கா?" என்று கேட்டால் பத்து வேலைக்கு நடுவில் "ஆமாம்மா" என்றுதான் பதில் வரும்.

8. ஹேண்ட் ஓவர்

ஏ4 தாளை நாலாக மடித்து, நோயாளிக்கு ஒரு கட்டம். நர்சிங் ஸ்டேஷனில் நின்று வாங்காமல் பெட் பக்கத்தில் நின்று வாங்குங்கள். ஆக்சிஜன் எத்தனை லிட்டர், பம்ப் எத்தனையில் ஓடுகிறது, வென்ஃப்ளான் இடம் வீங்கியிருக்கிறதா, யூரின் பேக்கில் எவ்வளவு என்று உங்கள் கண்ணால் பாருங்கள். நார்கோட்டிக் ஆம்பூல்களை எண்ணாமல் கையெழுத்துப் போடாதீர்கள். "எல்லாம் ஓகே" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறவரை, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இரண்டு நிமிடம் நிறுத்திக் கேளுங்கள்.

9. கோட் ப்ளூ வந்தால்

புதியவருக்கு அங்கே ஒரு வேலை நிச்சயம் உண்டு: மார்பை அழுத்துவது. நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ., 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்று. சுவரோரம் ஒதுங்கி நிற்காதீர்கள். "நான் அடுத்து அழுத்தறேன்" என்று சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். இரண்டாவது முறை, நேரம் எழுதும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். அட்ரினலின் 1 மி.கி. 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை போகிறது என்பதை எழுதிக்கொண்டிருந்தாலே முழு ஓட்டமும் புரிந்துவிடும்.

தினமும் கிராஷ் கார்ட் செக்கிங் வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள். யாரும் விரும்பிச் செய்யாத வேலை அது. ஒரு மாதம் செய்தால் அத்தனை மருந்தும் கைக்குப் பழகிவிடும்.

10. ஊசி குத்திவிட்டால், தவறு நடந்துவிட்டால்

ஊசி குத்தினால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. உடனே இன்சார்ஜிடம் சொல்லி, அவசரப் பிரிவுக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். "டியூட்டி முடியட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

மருந்து மாறிவிட்டால் முதலில் நோயாளியைப் பாருங்கள், வைட்டல்ஸ் எடுங்கள், டாக்டருக்கும் இன்சார்ஜுக்கும் சொல்லுங்கள், பிறகு இன்சிடென்ட் ஃபார்ம். சார்ட்டில் ஒயிட்னர் வைக்காதீர்கள். தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, கையெழுத்தும் நேரமும் போடுங்கள். என் வார்டில் தவறை உடனே ஒத்துக்கொண்ட பெண் அங்கேயே வேலையைத் தொடர்ந்தாள். சார்ட்டைத் திருத்திய பெண்ணால் தொடர முடியவில்லை.

11. 3-ஆவது மாதமும் 6-ஆவது மாதமும்

நோட்டை எடுத்துக்கொண்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் நீங்களே போங்கள். மாதக் கடைசியில் இண்டென்ட் (ஸ்டோரில் பொருள் கேட்டு எழுதும்) வேலை குறைவாக இருக்கும் மதிய நேரம் நல்லது. "கதீட்டர் 14 தடவை பண்ணியிருக்கேன் சிஸ்டர், ஏ.பி.ஜி. இன்னும் 3 தான், அடுத்த மாசம் எனக்கு அதுல வாய்ப்பு குடுங்க" என்று எண்ணோடு கேட்டால் மறுப்பவர் குறைவு. என்.ஏ.பி.ஹெச். (மருத்துவமனைகளின் தரத்தைச் சான்றளிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் நர்ஸ் எதையெல்லாம் தனியாகச் செய்யலாம் என்று பதிவு வைத்திருப்பார்கள். உங்கள் திறன் சரிபார்ப்புத் தாளில் ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்து வாங்குங்கள். செய்யாததற்கு யாராவது "சும்மா போட்டுடலாம்" என்று கையெழுத்துப் போட வந்தால் மறுத்துவிடுங்கள். அடுத்த வாரமே அந்த வேலைக்கு உங்களைத் தனியாக அனுப்புவார்கள்.

6 மாதம் முடிந்ததும் ஐ.சி.யு.வுக்கு மாற்றல் கேட்க நினைத்தால், அதற்கு 2 மாதம் முன்பே எழுத்தில் கொடுங்கள். ஏ.சி.எல்.எஸ். (மேம்பட்ட இதய உயிர்காப்புப் பயிற்சி) கட்டணம் கூடுதல் என்பதால், மருத்துவமனை பாதியாவது தருமா என்று அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடலாம். நடக்கும் தொடர்கல்வி வகுப்புகளுக்கெல்லாம் சான்றிதழ் வாங்கி ஒரே கவரில் போடுங்கள், பதிவைப் புதுப்பிக்கும்போது தேவைப்படும். கையெழுத்தான உங்கள் திறன் தாளை அன்றே ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். இன்சார்ஜ் மாறும்போது வார்டு ஃபைல்தான் முதலில் காணாமல் போகும்.